காட்டோரத்துக்கு ஒரு பச்சைத்திரை

அமெரிக்காவின் அயோவா, மிசௌரி, விஸ்கான்சின் போன்ற மாநிலங்களில் மான் வேட்டைக்கென்றே நிலம் வாங்கி வைத்திருப்பவர்கள் ஏராளம். அந்த நிலத்தில் அவர்கள் மெனக்கெட்டுச் செய்யும் வேலைகளில் ஒன்று மரம் நடுவது. சாலையை ஒட்டிச் செஞ்சீடர் மரங்களை நெருக்கமாக நடுவார்கள். வண்டியில் போகிறவர் கண்ணில் மேய்ச்சல் வெளி படக்கூடாது. பட்டால், ஓடும் வண்டியிலிருந்தே சுட்டுவிட்டுப் போகும் திருட்டு வேட்டைக்காரர்களுக்கு அது அழைப்பாகிவிடும். தாங்கள் நடந்துபோகும் தடத்தின் இருபுறமும் ஆளுயரத்துக்கு மேல் வளரும் ஸ்விட்ச்கிராஸ் என்ற உள்ளூர்ப் புல்லை விதைப்பார்கள். அது மானின் கண்ணுக்கு மறைப்பு.

இந்தியாவில் அப்படி ஒரு நிலம் இன்று கிடையாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதற்கு 1991-இல் வந்த திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டையை முடித்துவைத்தன. ஆனால் வேட்டை நின்ற பின்னும் வேட்டை நிலங்கள் மிஞ்சின. நிஜாம் குடும்பமும் அதன் விருந்தினர்களும் துப்பாக்கியோடு சுற்றிய காடுகள் ஹைதராபாத்தைச் சுற்றி இன்றும் பச்சையாக இருக்கின்றன. விஜயவாடா நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள மகாவீர் ஹரிண வனஸ்தலி அவற்றில் ஒன்று. மகாவீரர் நிர்வாணமடைந்த 2,500-ஆம் ஆண்டின் நினைவாக 1975-இல் மான் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, 1994-இல் தேசியப் பூங்காவானது. மேடக் பக்கம் இருக்கும் போச்சாரம் காடு 1952-லேயே சரணாலயமாகிவிட்டது. ஜூப்ளி ஹில்ஸில் நிஜாம் வாரிசின் சிரான் அரண்மனையைச் சுற்றியிருந்த வனம், 1998-இல் காசு பிரம்மானந்த ரெட்டி தேசியப் பூங்கா ஆனது. ஊர்க்காரர்களுக்கு அது கேபிஆர் பார்க்.

இந்தப் பசுமைத் துண்டுகளுக்கெல்லாம் இன்று ஒரே ஆபத்துதான். துப்பாக்கி போய்விட்டது, நகரம் வந்துவிட்டது. சாலை, சுவர், விளக்கு, ஹாரன், தெருநாய், குப்பை என்று ஓரத்திலிருந்து உள்ளே நுழைபவை ஏராளம். காட்டின் ஓரத்தை எப்படி மூடுவது என்ற கேள்வி, வேட்டைக்காரரிடமிருந்து இப்போது காட்டைக் காப்பவரின் கைக்கு வந்திருக்கிறது.

அந்தக் கேள்வியை நேராக எழுப்பும் இடம் ஜீடிமெட்லா. ஹைதராபாத்தின் வடபுறத்தில், குத்புல்லாபூர் வட்டாரத்தில், மருந்து, ரசாயனம், பிளாஸ்டிக், இயந்திரப் பாகம் என்று ஆலைகள் தோளோடு தோள் உரசி நிற்கும் தொழிற்பேட்டை அது. பல ஆலைகளின் கழிவுநீரை ஒரே இடத்தில் சேர்த்துச் சுத்திகரிக்கும் பொது நிலையம் 1980-களின் இறுதியிலேயே இங்கே வந்துவிட்டது. இந்தியாவில் அவ்வகையில் மிக முந்தியவற்றில் ஒன்று. பேட்டைக்கு அருகே நிஜாம் காலத்து ஏரியான ஃபாக்ஸ் சாகர் கிடக்கிறது. வடக்கே சிறிது தூரம் போனால் தூலபல்லி காப்புக்காடு. தெலங்கானா வனத்துறையின் பயிற்சிக் கழகமும், மத்திய அரசின் வனப் பல்லுயிர் ஆய்வு நிறுவனமும் அந்தத் தூலபல்லியில்தான் உள்ளன. புகைபோக்கிகளும் காடும் இவ்வளவு பக்கத்தில் நிற்கும்போது, இரண்டுக்கும் இடையே என்ன நிற்க வேண்டும்?

பொதுவாகக் கிடைக்கும் பதில் மதிற்சுவர். அல்லது வேகமாக வளரும் ஏதாவது ஒரு வெளிநாட்டு மரத்தை வரிசையாக நடுவது. இரண்டும் போதாது. அதற்கான காரணம் விலங்கின் கண்ணில் தொடங்குகிறது.

மனிதக் கண்ணின் கூம்புச் செல்கள் மூன்று வகை. மானுக்கு இரண்டே வகை. வெள்ளைவால் மானின் கண்ணை ஆராய்ந்து 1994-இல் வெளியான ஆய்வு, அதன் பார்வை நீலப் பகுதியிலும் பசும் மஞ்சள் பகுதியிலும் கூர்மையாக இருப்பதைக் காட்டியது. சிவப்பையும் ஆரஞ்சையும் அதனால் பச்சையிலிருந்து பிரித்தறிய முடியாது. அமெரிக்க வேட்டைக்காரர்கள் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு மேலாடை போட்டுக்கொண்டு காட்டுக்குள் போவது இந்தத் துணிச்சலில்தான். நிறத்தில் விட்டதை மான் அசைவில் பிடித்துவிடும். தலையின் இரு பக்கமும் கண்கள் இருப்பதால் ஏறத்தாழ 300 பாகை அளவுக்குத் தலை திருப்பாமலேயே பார்க்கும். தொடுவானத்தை ஒட்டி ஏதாவது நகர்ந்தால் போதும், மேய்ச்சல் நின்றுவிடும்.

இந்த நுட்பத்தைப் பழைய தக்காணத்து வேட்டைக்காரர்கள் ஆய்வுக்கூடம் இல்லாமலே அறிந்திருந்தார்கள். சிவிங்கிப்புலியைப் பழக்கி வெளிமான் வேட்டைக்குப் போகும்போது, அதன் கண்ணைத் துணியால் மூடி மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோவார்கள். வயலில் அன்றாடம் பார்த்துப் பழகிய மாட்டுவண்டியைக் கண்டு வெளிமான் ஓடாது. நெருங்கியதும் கண்கட்டை அவிழ்த்துவிடுவார்கள். பழகிய உருவம் எப்போதும் வரும் திசையிலிருந்து வந்தால் விலங்கு பொறுத்துக்கொள்ளும். பழகாத அசைவு திடீரென்று தோன்றினால் ஓடும். ஓடுவதற்கும் அதற்கு விலை உண்டு. மேயாமல் தலை தூக்கி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் உணவு இழப்பு; கோடையின் வெப்பத்தில் ஓடுவது நீரிழப்பு. சினை மான் இதை நாள்தோறும் செய்ய நேர்ந்தால் உடல் நலிந்துபோகும்.

ஆகவே ஓரத் திரையின் முதல் வேலை அசைவை மறைப்பது. இங்கேதான் சாலையோர மர வரிசைகள் தோற்றுப்போகின்றன. நகரத்தில் மரம் நட்டால் கீழ்க்கிளைகளை வெட்டிவிடுவது வழக்கம். குடை மேலே விரிந்திருக்கும், கீழே வெறும் தண்டுகள் நிற்கும். நிற்கும் ஆளின் கண் மட்டம் சுமார் ஒன்றரை மீட்டர். மானுக்கோ ஒரு மீட்டருக்கும் கீழே. அந்த உயரத்தில் மறைப்பே இல்லையென்றால், மேலே எவ்வளவு இலை இருந்தும் பயனில்லை. தரையிலிருந்தே கிளைத்து நிற்கும் புதர் ஒன்று இருபது அடி உயர மரத்தைவிட நன்றாக மறைக்கும்.

இரண்டாவது வேலை காற்றையும் தூசியையும் தணிப்பது. கல் சுவர் காற்றை அப்படியே தடுக்கும் என்று தோன்றும். நடப்பது வேறு. சுவரில் மோதிய காற்று மேலேறி, மறுபுறம் சுழன்று விழுகிறது. தூசியும் அதோடு சேர்ந்து விழுகிறது. பாதி இடைவெளியுள்ள புதர் வேலி காற்றை உள்ளே விட்டு வேகத்தை மட்டும் குறைக்கும். வேலியின் உயரத்தைப் போல் பத்து மடங்குக்கும் அதிகமான தொலைவு வரை அந்த அமைதி நீடிக்கும் என்பது காற்றுத்தடுப்பு மரவரிசைகளைப் பற்றிய பழைய, உறுதியான முடிவு. வேகம் குறைந்த காற்று தன்னிடமிருந்த தூசியை இலைகளின் மேல் இறக்கிவைக்கிறது. சொரசொரப்பும் ரோமமும் உள்ள இலைகள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. மழை கழுவி மண்ணில் சேர்க்கிறது. இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தில் பிரசாந்த் குமார் என்ற இந்திய ஆய்வாளரின் குழு கில்ட்ஃபோர்டு சாலையோரங்களில் அளந்து பார்த்தபோது, வாகனப் புகையிலுள்ள கரித்துகளை அடர்ந்த புதர்வேலி 63 சதவீதம் வரை குறைத்தது தெரியவந்தது.

ஒலி விஷயத்தில் மிகை வேண்டாம். இரண்டு வரிசைச் செடி நட்டால் லாரிச் சத்தம் அடங்கிவிடும் என்று விற்பவர்கள் உண்டு. அமெரிக்க வேளாண் துறையின் கணக்குப்படி சுமார் 30 மீட்டர் அகலத்துக்கு அடர்த்தியாக நட்டால்தான் 5 முதல் 8 டெசிபல் குறையும். கேபிஆர் பூங்காவுக்கு 2020-இல் ஒதுக்கப்பட்ட சூழல் உணர்திறன் மண்டலத்தின் அகலம் 3 மீட்டரிலிருந்து 29.8 மீட்டர் வரைதான். அதன் மிக அகலமான இடத்தில்கூட ஒலி பெரிதாகக் குறையாது. மூன்று மீட்டரில் செய்யக்கூடியது ஒன்றே: பார்வையையும் விளக்கொளியையும் தடுப்பது. அதையாவது ஒழுங்காகச் செய்யவேண்டும்.

எந்தச் செடி என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது.

வேலிக்கென்று கொண்டுவந்த செடி வேலியைத் தாண்டிப் போன கதைகள் உலகெங்கும் உண்டு. அமெரிக்க மண்வளப் பாதுகாப்புத் துறை 1930-களில் விவசாயிகளுக்கு உயிர்வேலியாகப் பரிந்துரைத்தது பல்பூ ரோஜா என்ற கிழக்காசியப் புதர். காட்டுப் பறவைக்கு இரை, மாட்டுக்குத் தடுப்பு, மண்ணுக்குப் பிடிப்பு என்று அதற்கு எத்தனையோ பாராட்டு. இன்று பல மாநிலங்களில் அதை அழிக்கச் சொல்லிச் சட்டம் இருக்கிறது. நம்முடைய கதை இன்னும் கசப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுச் செடியாக வந்தது உண்ணிச்செடி. தோட்ட வேலிக்கு அதன் வண்ணப்பூக்கள் பொருத்தமாகத் தெரிந்தன. பறவைகள் பழத்தைத் தின்று காடெங்கும் விதைத்தன. புலி வாழும் காடுகளில் 40 சதவீதத்துக்கும் மேலான பரப்பில் அது பரவியிருப்பதாக 2020-இல் இந்திய ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதன் அடியில் புல் முளைப்பதில்லை; புல் இல்லாத இடத்தில் மான் நிற்பதில்லை. 1877-இல் இந்தியாவுக்குள் வந்து, கடப்பைப் பக்கம் நடப்பட்ட சீமைக்கருவேலைப் பற்றித் தமிழ் வாசகருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோடியக்கரையில் வெளிமான்களின் புல்வெளியைத் தின்றுகொண்டிருப்பதும் அதுதான்.

ஹைதராபாத்துக்கு அண்மையில் வந்த பாடம் கோனோகார்பஸ். பசுமையான கூம்பு வடிவம், வேகமான வளர்ச்சி, ஆடு மாடு தொடாத இலை. சாலை நடுத்திட்டுகளிலும் ஆலை மதில்களை ஒட்டியும் குடியிருப்பு வாசல்களிலும் சில ஆண்டுகளில் அது மதில்போல் எழுந்தது. மறைப்புக்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை என்றே தோன்றும். பிறகு வேர்கள் குழாய்களுக்குள்ளும் வடிகால்களுக்குள்ளும் நுழைவதாகவும், மகரந்தத்தால் மூச்சுத் தொல்லை வருவதாகவும் முறையீடுகள் எழுந்தன. குஜராத் அரசு 2023-இல் அதை நடத் தடை விதித்தது. தெலங்கானாவிலும் அதற்கு எதிர்ப்பு கிளம்பியது. மகரந்தம் பற்றிய குற்றச்சாட்டில் தாவரவியலாளர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் காட்டோரத்தில் அதை நடக்கூடாது என்பதற்கு அந்த வாதம் தேவையில்லை. ஒரே இனத்தை மைல் கணக்கில் நட்டால் பறவைக்குப் பழமில்லை, வண்ணத்துப்பூச்சிப் புழுவுக்கு இலையில்லை. அந்தத் திரை நம் கண்ணை மறைக்கும், காட்டுக்கு எதையும் தராது.

தக்காணத்தின் செம்மண் சரளையில், கருங்கல் பாறைகளின் இடுக்கில், ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழையில், அதுவும் பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பருக்குள் பெய்வதில், தண்ணீர் ஊற்ற ஆளில்லாமலே நிற்கக் கற்றுக்கொண்ட செடிகள் நிறைய உண்டு. அவற்றை ஒரு தமிழர் ஹைதராபாத்தில் பார்த்தால் உடனே அடையாளம் கண்டுகொள்வார். நம் கரட்டுக் காட்டுச் செடிகள்தான் அவை.

களா முதலிடத்துக்கு வரவேண்டியது. ஆண்டு முழுக்க இலை உதிராது. இரட்டை முள், உடைத்தால் பால், தரையிலிருந்தே பின்னிக் கிளைக்கும் உடம்பு. நாயும் நுழையாது, ஆளும் நுழையமாட்டார். உள்ளே சின்னஞ்சிறு பறவைகள் கூடு கட்டும். காயை ஹைதராபாத் வீடுகளில் வாக்காய் என்று சொல்லிப் பருப்பில் போட்டுச் சமைக்கிறார்கள். அடுத்தது விராலி. பிசுபிசுப்பான இலை, ஆடு வாய் வைக்காது, மோசமான மண்ணிலும் இரண்டு மூன்று மீட்டர் வளரும். தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாட்டில், 1987 முதல் வெளிமான் சரணாலயமாக இருக்கும் குன்றுப் பகுதியில், இந்த விராலியும் வெளிமானும் சேர்ந்தே வாழ்கின்றன. நொச்சிக்குக் கிளையை ஒடித்து நட்டாலே வேர் பிடிக்கும். ஆவாரையின் மஞ்சள் பூ தெலங்கானாவின் மாநிலப் பூ. பதுக்கம்மா பண்டிகைக்குப் பெண்கள் அதைத் தேடிக் காட்டோரம் போவார்கள், அங்கே அதன் பெயர் தங்கேடு. இலந்தையும் சூரையும் முள்ளுக்கு முள், பழத்துக்குப் பழம்.

மரங்களில் வன்னி தெலங்கானாவின் மாநில மரம். தசராவன்று ஜம்மி மரத்தை வணங்கி இலையைப் பரிமாறிக்கொள்வது அங்கே பெரிய சடங்கு. வேர் ஆழமாகப் போகும், கோடையிலும் பசுமை குறையாது. வேம்பும் புங்கனும் கோடைத் தொடக்கத்தில் இலை உதிர்த்தாலும் சில வாரங்களில் துளிர்த்துவிடும். புரசு மட்டும் ஒரு சிக்கல். பிப்ரவரி, மார்ச்சில் ஓர் இலைகூட இல்லாமல் நெருப்பாகப் பூத்து நிற்கும் அழகுக்கு ஈடில்லை. ஆனால் அப்போது அது எதையும் மறைக்காது. தக்காணக் காடு இலை உதிர்க்கும் மாதங்களும், விலங்குகள் தண்ணீர் தேடி ஓரத்துக்கு வரும் மாதங்களும் ஒன்றே. அதனால்தான் திரையின் பாரத்தை மரத்தின் மேல் வைக்காமல், எப்போதும் பச்சையாக இருக்கும் களா, விராலி, ஆவாரை மேல் வைக்கவேண்டும். புரசு பின்வரிசையில், தேன் குடிக்க வரும் பறவைகளுக்காக இருக்கட்டும்.

ஆலைப் புகையை எந்தச் செடி தாங்கும் என்பதற்கு ஓர் அளவுகோலும் இருக்கிறது. 1983-இல் இந்திய அறிவியலாளர்கள் எஸ்.கே. சிங்கும் டி.என். ராவும் முன்வைத்த காற்று மாசு தாங்குதிறன் குறியீடு இலையின் நான்கு குணங்களைச் சேர்த்துக் கணக்கிடுகிறது: அஸ்கார்பிக் அமிலம், பச்சையம், இலைச்சாற்றின் அமில காரத் தன்மை, இலை தன்னுள் வைத்திருக்கும் ஈரம். அஸ்கார்பிக் அமிலம் என்பது வைட்டமின் சி. மாசு இலைக்குள் உண்டாக்கும் ஆக்சிஜனேற்றச் சேதத்தை அது மட்டுப்படுத்துகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2000-ஆம் ஆண்டில் பசுமை வளையங்களுக்கென்று தனி வழிகாட்டி நூலே வெளியிட்டது. சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற பல ஆலைகளுக்கு, நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கைப் பசுமையாக வைக்கவேண்டும் என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. அந்தப் பங்கு பெரும்பாலும் புல்தரையாகவும் அலங்காரப் பனையாகவும் போய்விடுவது வருத்தத்துக்குரியது. வேலியோரம் இரண்டு வரிசை களாவும் விராலியும் வைத்தால், அதே நிலம் காட்டுக்கு ஒரு பாலமாகும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பச்சைத்திரை, நாற்றத்தையும் கழிவையும் மறைக்கும் போர்வை ஆகிவிடக்கூடாது. ரசாயன ஆவியை இலை வடிகட்டாது. நிலத்தடி நீரில் இறங்கும் கழிவை வேலி தடுக்காது. ஜீடிமெட்லா போன்ற இடத்தில் அவற்றுக்குச் சுத்திகரிப்பு நிலையமும் கண்டிப்பான கண்காணிப்பும்தான் மருந்து. வெளியே பச்சையாகத் தெரிகிறது என்பதற்காக உள்ளே நடப்பதைக் கேள்வி கேட்காமல் விடுவது, அந்தச் சுற்றுவட்டாரத்தில் குடியிருப்போருக்குச் செய்யும் துரோகம்.

தமிழருக்கு உயிர்வேலி புதிதல்ல. திருக்குறளின் அரண் அதிகாரம் கோட்டைக்கு வேண்டியவற்றில் காட்டையும் சேர்க்கிறது. சங்க இலக்கியம் மிளை என்று சொல்வது அந்தக் காவற்காட்டைத்தான். புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டபோது ஊரைச் சுற்றி முள்செடிகள் அடர்ந்த எல்லை வேலி ஒன்று இருந்தது. 1760-இல் ஆங்கிலேயப் படை நகரை முற்றுகையிட்டபோது முதலில் அந்த வேலியைத்தான் கைப்பற்ற வேண்டியிருந்தது. கொங்கு நாட்டில், காங்கேயம் பக்கம், கொரங்காட்டு மேய்ச்சல் நிலங்களைச் சுற்றிக் கிளுவை வேலி இன்றும் நிற்கிறது. கழியை வெட்டி ஊன்றினாலே துளிர்க்கும் முள்மரம் அது. உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும், வெளியே நெருக்கமான கிளுவை. காங்கேயம் மாடுகள் அந்தப் பட்டிகளுக்குள்ளேதான் மேய்ந்து வளர்ந்தன. வறண்ட நிலத்தில் வேலி எப்படி இருக்கவேண்டும் என்று கேட்பவருக்குக் கொரங்காட்டைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் இல்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் உப்பு வரிக்காக வட, மத்திய இந்தியாவின் குறுக்கே நூற்றுக்கணக்கான மைல்களுக்கு ஒரு பெருவேலி வளர்த்தார்கள். பின்னாளில் காங்கிரஸ் கட்சியின் தோற்றத்துக்குக் காரணமாயிருந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம், 1867 முதல் 1870 வரை அந்தச் சுங்கத்துறையின் ஆணையர். காய்ந்த முள்ளைக் குவித்து வைத்திருந்த எல்லையை உயிர்ச்செடிகளால் நிரப்பத் தீவிரமாக முயன்றவர் அவர். இலந்தை, கருவேலம், களா, சப்பாத்திக்கள்ளி என்று மண்ணுக்கு மண் வேறு செடி தேவைப்பட்டது. சில இடங்களில் 12 அடி உயரமும் 14 அடி அகலமும் வளர்ந்த அந்த வேலி, 1879-இல் உள்நாட்டுச் சுங்க எல்லையை எடுத்தபோது கைவிடப்பட்டது. ஏழைகளின் உப்பைத் தடுக்க வளர்ந்த கொடுமையான வேலி அது. ஆனாலும் அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒரு தொழில்நுட்பப் பாடம் உண்டு: எல்லா மண்ணுக்கும் ஒரே செடி பொருந்தாது.

செடியைத் தேர்ந்துவிட்டால் அடுத்தது, எங்கே நடக்கூடாது என்பது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வெளிமான் திறந்த வெளியின் விலங்கு. தூரத்திலேயே ஆபத்தைப் பார்த்து, மணிக்கு 80 கிலோமீட்டர் வரை ஓடித் தப்பிக்கும் உடம்பு அதற்கு. அதன் புல்வெளியில் மரம் நடுவது அதன் கண்ணைக் கட்டுவதாகும். நாய் பதுங்க இடம் கிடைக்கும். புல் நிழலில் மெலியும். சென்னையின் கிண்டி தேசியப் பூங்கா இதற்கு நம் வீட்டு எடுத்துக்காட்டு. ஒரு காலத்தில் வேட்டைக்காக வைத்திருந்த காடு அது. 1910-இல் காப்புக்காடு, 1978-இல் தேசியப் பூங்கா. அங்கே புள்ளிமான்கள் புதர்க்காட்டில் வாழ, வெளிமான்களோ போலோ மைதானம் என்ற திறந்த புல்வெளியை நம்பி இருக்கின்றன. அந்த வெளியைப் புதர் மூடாமல் பார்த்துக்கொள்வது பூங்காக்காரர்களின் தீராத வேலை. ஹைதராபாத்தின் ஹரிண வனஸ்தலிக்கும் இதே விதிதான்.

தெலங்கானா 2015-இல் ஹரித ஹாரம் என்ற பெரும் மரநடவுத் திட்டத்தைத் தொடங்கியது. 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையின் இருமருங்கும் பசுமையானது. 2022-இல் ஹைதராபாத்துக்கு உலகப் பசுமை நகர விருதும் கிடைத்தது. யாதாத்ரி முறை என்ற பெயரில், ஏக்கருக்கு 4,000 செடிகள் வரை நெருக்கி நடும் அடர்வனங்களும் வந்தன. உழைப்பு பெரியது, மதிக்க வேண்டியது. ஆனால் அடர்வனத்தைப் புல்வெளியின் நடுவில் வைப்பதும் ஓரத்தில் வைப்பதும் ஒன்றல்ல. ஓரத்தில் அதே நெருக்கம் காடு தன் எல்லையைக் காத்துக்கொள்ள உதவும். நடுவில் வைத்தால், எண்ணிக்கை கூடும்; வெளிமான் குறையும். 2025-இல் ஹைதராபாத்தின் காஞ்ச கச்சிபௌலியில் 400 ஏக்கர் நிலத்தை இயந்திரங்கள் அழிக்கத் தொடங்கி, உச்ச நீதிமன்றம் நிறுத்திய நிகழ்வில், புதரும் புல்லும் பாறையும் கலந்த நிலம் வெறும் தரிசு என்ற எண்ணம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்று நாடே பார்த்தது.

ஆகவே தூலபல்லி போன்ற காட்டோரத்துக்கோ ஜீடிமெட்லா ஆலை மதிலுக்கோ பொருத்தமான திரை இப்படி அமையலாம். ஆள் நடமாட்டம் உள்ள வெளிப்பக்கம் களாவும் சூரையும், ஒரு மீட்டர் இடைவெளியில். அதன் பின்னால் விராலி, நொச்சி, ஆவாரை, முதல் வரிசைச் செடிகளின் இடைவெளிக்கு நேராக வரும்படி முன்பின்னாக. மூன்றாவது வரிசையில் நான்கைந்து மீட்டருக்கு ஒன்றாக வன்னி, வேம்பு, புங்கன், நடுநடுவே புரசு. நேர்கோடு வேண்டாம், காட்டின் விளிம்பு எங்கும் நேராக இருப்பதில்லை, வளைவுகள் பார்வையை இன்னும் நன்றாக உடைக்கும். விலங்குகள் வழக்கமாகக் கடக்கும் தடத்தை அடைத்துவிடாமல் அங்கே முள்ளில்லாத செடியை வைக்கவேண்டும். ஜூன் முதல் மழையில் நட்டு, இரண்டு கோடைக்குத் தண்ணீர் காட்டினால் மூன்றாம் ஆண்டில் தானே நிற்கும். கீழ்க்கிளையை யாரும் அழகுக்காக வெட்டாமல் இருக்கவேண்டும் என்பது தோட்டக்காரருக்கு முதல் நாளே சொல்லவேண்டிய செய்தி.

தடை ஒன்று உண்டு. நாற்றுப் பண்ணைகளில் அலங்காரச் செடிகள் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். களாவையும் சூரையையும் கேட்டால் பெரும்பாலும் கை விரிப்பார்கள். கேட்பவர் இல்லாததால் வளர்ப்பவரும் இல்லை. களா விதையைக் காயவைத்துச் சேமிக்கவும் வழியில்லை. பழத்திலிருந்து எடுத்த சில நாட்களுக்குள் விதைக்காவிட்டால் முளைப்புத் திறன் வேகமாகப் போய்விடும். அடுத்த ஆண்டு மழைக்கு நாற்று வேண்டுமானால் இந்த ஆண்டுப் பழக்காலத்திலேயே விதைத்தாக வேண்டும். ஆலை நிர்வாகிகளும் குடியிருப்புச் சங்கங்களும் பள்ளிகளும் பக்கத்து வனத்துறை நாற்றங்காலுக்குப் போய், தங்களுக்கு எத்தனை களா, எத்தனை விராலி வேண்டும் என்று இப்போதே எழுதிக் கொடுக்க வேண்டும்.